ஜமால் கடைப் பக்கம் வராத மில் பஸ்

போன வியாழக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு வதந்தி சாவதை என் கண்ணால் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வதந்திக்கு ஆயுசு கெட்டி. ஒரு மாசம் நின்று விளையாடும். அது அரை நிமிஷத்தில் சுருண்டு விழுந்தால் எப்படி இருக்கும்?

இடம், தென்காசி ரோட்டில் என் பள்ளித் தோழன் ஜமாலின் பேண்டேஜ் துணிக் கடை. காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற வியாபாரம். கடைக்கு வந்த ஒரு பெரியவர், டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே, ராஜபாளையம் நூல் மில்லைப் பற்றி ஆரம்பித்தார்.

“விஷயம் தெரியுமா? மில்லுல ரெண்டாவது ஷிப்டை நிப்பாட்டப் போறாகளாம். பங்கு வச்சிருக்கவுக வித்துட்டு வெளிய வந்துருங்க. பொறவு வருத்தப்படாதீக.”

ஜமால் பதறவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனை எடுத்தான். நாலு தட்டு. ஒரு பக்கம் திறந்தது.

“இந்தா பாருங்க அண்ணாச்சி. மூணு மாசத்துக்கு ஒருக்க மில்லே வெளியிடுத பக்கம். நூல் சுத்துத ஸ்பிண்டில் எம்புட்டு ஓடுச்சு, எம்புட்டு நூல் அந்துச்சு, கையில ஆர்டர் எம்புட்டு இருக்கு... எல்லாம் போட்டிருக்கு. ரெண்டாவது ஷிப்டு முழுசா ஓடுது. முத யூனிட்டுல நூல் சரியில்லைன்னு அவியளே எழுதியிருக்காக. கெட்டதையே ஒத்துக்கிட்டவுக இதை மட்டும் மறைப்பாகளா? டீயைக் குடிங்க, ஆறுது.”

பெரியவர் டீயைக் குடித்தார். வதந்தி முடிந்தது.

எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உதட்டோரம் ஒரு சிரிப்பும் வந்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பக்கத்தை மூணு மாதத்துக்கு ஒருமுறை தயாரிக்கிற ஆள், என் மனைவி கோதை. ஜமால் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ என்னத்துக்குலே சிரிக்க? ஒனக்குச் சிரிக்க உரிமை கிடையாது.”

நியாயம்தான். எனக்கு உரிமை கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இந்த வாரக் கதை.

வாரா வாரம் என் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் – கோதை இங்கே தலைகாட்டுவதில்லை. அவளே போட்ட தடை. இந்த முறை அனுமதி கேட்டேன். வரைவை வாங்கி, பேனாவோடு உட்கார்ந்து, கடைசி வரை படித்தாள். “இதுல இருக்கது எல்லாம் ஏற்கெனவே வெளிய வந்த தகவல்தான். எழுதிக்கோங்க” என்றாள். பாராட்டு ஏதாவது வருமா என்று செத்த நேரம் நின்றேன். வரவில்லை.

கோதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நாங்கள் இருப்பதும் அங்கேதான். தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் மில்லுக்குப் போகிறாள். சேர்ந்தபோது நூல் பரிசோதிக்கிற அறையில் கடைசி நாற்காலி. எந்த மெஷினில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாதக் கடைசியில் நோட்டெல்லாம் பழைய பேப்பருக்குப் போய்விடும்.

இவள் போகவிடவில்லை. சேர்த்து வைத்தாள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எந்தப் பொதிப் பஞ்சு, எந்த மெஷினில் ஏறி, எந்த ஷிப்டில் நூலாகி, யாருக்குப் போனது, அவர்கள் என்ன குறை சொன்னார்கள் – ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கோர்வையாக ஏற்றினாள். ‘எக்ஸல் அக்கா’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

ஒருநாள் வெளியூர்க் கம்பெனி ஒன்று ஒரு லாரி நூலை அப்படியே திருப்பி அனுப்பியது. மில்லில் ஒரே கூச்சல். அந்த வாரம் மெஷினில் நின்ற மம்சாபுரத்துப் பெண்கள் ஏழு பேர் மேல் பழி. அவர்களை வேலையை விட்டு நிறுத்த சூப்பர்வைசர் கடிதமே அடித்துவிட்டார். கோதை அந்தக் கடிதம் கையெழுத்தாவதற்குள் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்தாள். கோளாறு அந்தப் பெண்களிடம் இல்லை. மட்டமான பஞ்சு ஒரு லாட் வந்திருக்கிறது; அந்தப் பஞ்சு ஏறிய எல்லா மெஷினிலும், எந்த ஷிப்டாக இருந்தாலும், நூல் அறுந்திருக்கிறது. கடிதம் கிழிந்தது. அந்த ஏழு பேரும் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எக்ஸல் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

மில்லுக்கு நிலம் சொத்து. கட்டடம் சொத்து. மெஷின் சொத்து. வாசலில் நிற்கிற தண்ணீர் லாரி வரைக்கும் ஆண்டறிக்கையில் மதிப்பு உண்டு. கோதை சேர்த்த தகவலுக்கு? ஒரு வரி கிடையாது. ஆனால் மில்லின் உண்மையான உடல்நிலை தெரிந்தது அந்தத் தகவலுக்கு மட்டும்தான்.

சரி, வெளியே இருந்த எங்களுக்கு மில்லின் உடல்நிலை எப்படித் தெரியும்?

பஸ்ஸை எண்ணித்தான்!

சிரிக்காதீர்கள். மில் பங்கு வெளியிட்டபோது ஊரில் பாதிப் பேர் வாங்கினோம். வாத்தியார்கள், கடைக்காரர்கள், மில்லில் ஓய்வு பெற்றவர்கள்... நானும் கொஞ்சம், ஜமால் கொஞ்சம் அதிகம். எங்கள் ஆராய்ச்சி முழுவதும் ஜமால் கடை வாசலில் நடக்கும். மம்சாபுரத்திலிருந்து பெண்களை ஏற்றிவரும் மில் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும். பெண்கள் நின்றுகொண்டு வந்தால் ஆர்டர் குவிகிறது. உட்கார்ந்து வந்தால் பரவாயில்லை. சீட் காலியாக இருந்தால்... ஐயோ! அன்றைக்கு நாலு பேர் விற்றுவிடுவார்கள். எத்தனையோ வருடம் இந்தக் கணக்குத் தப்பியதில்லை. மும்பையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஆராய்கிறவர்களைவிட எங்களுக்கு அதிகம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது.

அந்தத் திமிர் சில வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை ஒழிந்தது.

அதற்கு முந்தின வாரத்திலிருந்தே பஸ் சரியாக வரவில்லை. ஐந்து பஸ் வருகிற இடத்தில் இரண்டுதான் வந்தது. அதிலும் சீட்டெல்லாம் காற்றாடியது. “என்னமோ நடக்குலே. மூணு பஸ்ஸைக் காணோம். ஆளை நிப்பாட்டிட்டாக போல” என்றான் ஜமால். பங்கு விலை இறங்க ஆரம்பித்தது.

வீட்டிலோ, கோதையின் முகம் சரியில்லை. மூன்று நாளாக உப்புமா. எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தை. பஸ் ஒரு பக்கம் காலி, உப்புமா ஒரு பக்கம். ரெண்டையும் கூட்டினேன். மில் மூழ்குகிறது என்று விடை வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோதை பெரிய பொறுப்புக்கு வந்தபோது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். மில்லின் உள் தகவல் தெரிந்தவர்கள் பட்டியலில் அவள் இருக்கிறாள். காலாண்டு முடிந்து, முடிவுகள் வெளியாகும் வரை அவள் மில் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. கணவனும் கூடாது. ‘ஜன்னல் மூடியிருக்கு’ என்பார்கள். இதை எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தாள். நான் பேப்பர் படித்தபடியே மூன்று முறை தலையாட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் விடாமல் செய்கிற ஒரே உடற்பயிற்சி அது.

செவ்வாய் காலை ஜமால் கடையில் உட்கார்ந்தபடி போனில் என் பங்கு அத்தனையையும் விற்றேன். இப்போதெல்லாம் ஜன்னல் மூடியிருந்தால் போனே விற்கவிடாமல் பூட்டிக்கொள்ளுமாம். அப்போது எனக்குப் பூட்டு இல்லை.

ஜமால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீயே வித்துட்டியா? அப்ப கோதைத் தங்கச்சி வீட்டுல ஏதோ சொல்லியிருக்கு!”

“அவ ஒண்ணும் சொல்லலடா. நானாத்தான்...”

யார் நம்புவார்கள்? ஜமால் பாதியை விற்றான். பக்கத்து உரக்கடைக்காரர் முழுசாக விற்றார். மத்தியானத்துக்குள் செய்தி செட்டியார்பட்டி வரை போய்விட்டது – “கோதை வீட்டுக்காரரே வித்துட்டாராம்!” நான் ஒரு தப்பான முடிவு எடுத்தேன். அது ஊருக்குள் போய் உள் தகவலாகத் திரும்பி வந்தது. என் உப்புமாவை நம்பி ஒரு தெருவே பங்கு விற்றது.

சாயங்காலம் கோதை வந்தாள். நான் உற்சாகமாகச் சொன்னேன். “கவலைப்படாத கோதை. நம்ம பங்கை எல்லாம் காலையிலயே வித்துட்டேன். தப்பிச்சோம்!”

அவள் கையில் இருந்த பையைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே கேட்டாள். “ஜன்னல் மூடியிருக்குன்னு சொன்னேன்ல?”

“சொன்ன...”

“வேற யாராவது வித்தாகளா?”

“ஜமால் பாதியை... அந்த உரக்கடைக்காரரு... இன்னும் நாலஞ்சு பேரு...”

அவள் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சரியாக அந்த நேரம் ஜமால் அவளுக்கே போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“தங்கச்சி, நான் வித்தது சரியா தப்பா? அதை மட்டும் சொல்லு. மிச்சத்தையும் விக்கவா?”

கோதைக்கு உண்மை தெரியும். சொன்னால் ஜமால் பிழைப்பான். மற்றவர்கள்? வாத்தியார்கள்? அவர்களுக்கு யார் போன் செய்து சொல்வது? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, குரல் மட்டும் அசையவில்லை.

“அண்ணே, நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஒங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.”

“இம்புட்டு நாள் பழக்கத்துக்கு இதுதானா?” என்று ஜமால் வைத்துவிட்டான்.

நான் மெதுவாகச் சொன்னேன். “யாருக்குத் தெரியப் போகுது? நான் வித்ததை நீ மில்லுல சொல்லாம விட்டுரு.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை எழுத எனக்கு இன்னும் தமிழ் போதவில்லை. “நாளைக்கு நீங்களும் எங்கூட மில்லுக்கு வாரீக” என்றாள்.

மறுநாள் முதலாளியின் அறை. எதிரே நாங்கள் இருவரும். கோதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் – ஜன்னல் மூடியிருந்தபோது என் கணவர் பங்கு விற்றுவிட்டார், இது விதிமீறல், எழுத்திலும் கொண்டுவந்திருக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் கையெழுத்துப் போட்டேன். வேலை போனாலும் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கும் தெரிந்துவிட்டது.

முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். “ஏம்மா, நீயா வந்து சொல்லலேன்னா இது யாருக்குத் தெரியப் போகுது?”

“தெரியாதுதான் சார். ஆனா நாம சொல்லாம விடுததை எல்லாம் ஊரு அதுவா ஒண்ணு நெனச்சுக்கிடுது. மூணு பஸ்ஸைக் காணோம்னு நேத்து ஒரு தெருவே பங்கை வித்திருக்கு. அந்த பஸ் எங்க போச்சுன்னு நம்மட்ட கணக்கு இருக்கு. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் நான் போன வாரமே சொன்னேன்.”

அப்போதுதான் எனக்கு உப்புமாவின் காரணம் புரிந்தது. மில்லின் ஓட்டம் பற்றிய தகவலை, நல்லது கெட்டது இரண்டையும், பங்குச் சந்தை எக்ஸ்சேஞ்ச் வழியாக எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடலாம் என்று கோதை ஒரு வாரமாகப் போராடியிருக்கிறாள். முதலாளி ஒப்பவில்லை. போட்டிக்காரர்கள் பார்ப்பார்கள், முதல் யூனிட்டின் குறை தெரிந்தால் விலை இறங்கும் என்று பயம்.

“விலை இப்பவும் இறங்கித்தான சார் கெடக்கு? இல்லாத குறைக்கு இறங்குதது நல்லதா, இருக்கிற குறைக்கு இறங்குதது நல்லதா?” என்றாள் கோதை.

முதலாளி அந்தத் தாளை மறுபடி கையில் எடுத்தார். “வீட்டுக்காரரு செஞ்ச தப்பையே எழுதிக் கொண்டாந்து குடுக்க. நீ குடுக்குத கணக்கை நான் எப்படிம்மா சந்தேகப்பட?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீரு பத்திரிகையில எழுதுதவருதான? விசாரிச்சுட்டுத்தான் எழுதுவீரா?”

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தேன்.

இரண்டு நாள் யோசித்தார். வக்கீலைக் கேட்டார், ஆடிட்டரைக் கேட்டார். வெள்ளிக்கிழமை சந்தை முடிந்ததும், ஜமால் போனில் காட்டினானே, அந்தக் காலாண்டுப் பக்கம் முதல்முறையாக வெளியானது. வாங்குகிறவர்களின் பெயர் இல்லை, தொழில் ரகசியம் இல்லை. மில் எப்படி ஓடுகிறது என்பது மட்டும். முதல் யூனிட்டில் நூல் அதிகம் அறுகிறது, குறைகள் வந்திருக்கின்றன. மெல்லிய நூலுக்கு இரண்டாவது யூனிட்தான் சரி என்று தகவல் காட்டுவதால், மம்சாபுரம் ஆட்கள் அங்கே மாற்றப்பட்டிருக்கிறார்கள். ஒருவரும் நிறுத்தப்படவில்லை.

இரண்டாவது யூனிட் ஊரின் மறுகோடியில். பஸ் அதற்கு வேறு ரோட்டில் போகிறது. மூன்று பஸ்ஸும் எங்கும் காணாமல் போகவில்லை. ஜமால் கடைப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்!

திங்கட்கிழமை விலை பாய்ந்து ஏறியதா? இல்லை. கொஞ்சம் ஏறியது. முதல் யூனிட் குறையைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் ஓரிடத்தில் நின்றது. பழைய விலைக்குக் கொஞ்சம் கீழே. அதுதான் மில்லின் உண்மையான விலை போலிருக்கிறது. பயமும் இல்லாமல், ஆசையும் இல்லாமல், தெரிந்ததை வைத்துப் போட்ட விலை.

சந்தைக்கு எல்லாம் தெரியும் என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் சொல்கிறார்கள். சந்தை என்றால் யார்? நானும் ஜமாலும் உரக்கடைக்காரரும்தானே? எங்களுக்கு என்ன தெரியும்? எங்கள் முன்னால் எதை வைக்கிறார்களோ அதுதான் தெரியும். ஒன்றும் வைக்காவிட்டால் பஸ்ஸை எண்ணுவோம். கம்பெனிகள் இன்று மலைமலையாகத் தகவல் சேர்க்கின்றன. சேர்க்கச் சேர்க்க உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. வெளியே இருப்பவன் முன்னைவிடப் பெரிய முட்டாளாகிறான். நடுவில் உள்ள கதவை ஒருவர் திறந்து வைத்தால்தான் அந்தத் தகவல் எல்லாருக்கும் சொத்து. எங்கள் மில்லில் அதைத் திறந்தது என் வீட்டுக்காரி.

ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலை உண்டு. எனக்கு அபராதம். அது போகட்டும், பங்கை அடிமட்ட விலையில் விற்றுவிட்டு அபராதமும் கட்டியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவளுக்கு ஒரு வருடம் பதவி உயர்வு இல்லை. எச்சரிக்கைக் கடிதம் வேறு. என் தப்புக்கு! அந்தக் கடிதத்தை அவள் மடித்து, தன் சான்றிதழ்கள் இருக்கிற ஃபைலிலேயே வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன். வெட்கம் பாதி, பெருமை பாதி. இன்று யோசித்தால் பெருமைதான் கூட.

ஜமால்? ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கோதையோடு மட்டும் பேசினான். அந்தப் பக்கம் வெளியான மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, “அன்னைக்கு நீ எனக்கு மட்டும் சொல்லியிருந்தா, இன்னைக்கு இந்தப் பக்கத்தை நான் நம்பியிருக்க மாட்டேன் தங்கச்சி” என்றான். என் பக்கம் திரும்பாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனான். இப்போது வதந்தி வந்தால் போனைத் திறக்கிறான். பஸ்ஸையும் எண்ணுகிறான் – தங்கச்சி கணக்குச் சரிதானா என்று பார்ப்பதற்காம்.

கடைசியாக ஒன்று. விதிமீறலை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதத்தை ஒளிக்காமல், மில் தன் வலைப்பக்கத்திலும் போட்டது. வரைவைத் தயாரித்தவள் கோதை. என் முழுப் பெயர், நான் செய்த காரியம், செய்த தேதி... எல்லாம் அதில் சுத்தமாக இருக்கிறது.

இத்தனை வருடமாக என் பெயர் அச்சில் வருகிறது. ஒரு சொல்கூட மிகையில்லாமல் வந்தது அந்த ஒரு முறைதான்.